குடியிருப்போர் எண்ணிக்கை

வூச் நகரத்தில் குப்பைக்கு வரி
தலைக்கு இவ்வளவு என்று கணக்கு.
என் வீட்டில் ஒரு தலை.
அப்படித்தான் எழுதிக் கையெழுத்திடுகிறேன்
நீலப் படிவத்தில், ஏழு ஆண்டுகளாக.

கீழ்வீட்டு பெலாகியா அம்மையார்
குடியிருப்புச் சங்கத்துக்கு எழுதிவிட்டார்:
மேலே மூன்று பேர் இருக்கிறார்கள்.
ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் கூடுகிறார்கள்.
ஒருவன் மாடுபோல் அடித்தொண்டையில்.
ஒருத்தி கண்ணாடியில் ஆணியை இழுப்பதுபோல்.
மூன்றாவது ஆள் வாய் திறப்பதில்லை,
ஆனால் அவன் வந்துவிட்டால்
என் அலமாரிக் கோப்பைகள் நடுங்குகின்றன.

விசாரிக்க வந்தவன் பெயர் ஸெமோவித்.
பூட்ஸை வாசலில் கழற்றினான், பனி உருகிக் குளமானது.
கட்டிலுக்கடியில் பார்த்தான்.
குளியலறையில் பல்துலக்கிகளை எண்ணினான்: ஒன்று.
பால்கனியில் உறைந்துபோன துடைப்பம்.
ட்ராம் ஓட்டும் என் சீருடை
நாற்காலியில் தோள் விரித்து உட்கார்ந்திருந்தது,
அதையும் ஒரு நொடி சந்தேகித்தான்.

யார் அந்த மூவர்?

சொல்லிப் புரியவைக்கிற விஷயமா?
டெனர் சாக்ஸபோனை எடுத்தேன்,
ரீடை நாக்கில் நனைத்தபடியே சொன்னேன்:
இது ஒற்றைக் குரல் வாத்தியம், ஐயா,
விற்றவனும் அப்படித்தான் சொல்லி விற்றான்.
ஒரு மூச்சு, ஒரு சுரம்.
ஆனால் மேலே ஒரு துளையை மட்டும் திறந்துவிட்டுக்
கீழே உள்ளவற்றை மூடியே வைத்தால்
காற்றுக்குக் குழப்பம் வந்துவிடும்,
இது நீளக் குழாயா, குட்டைக் குழாயா என்று.
அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவைக்கக் கூடாது.
உதட்டை இறுக்கினால் மேல் சுரம் ஜெயிக்கும்,
தளர்த்தினால் கீழ் சுரம்.
நடுவில் மயிரிழை இடம்.
அதில் நிற்கப் பதினான்கு மாதம் ஆயிற்று.

என் ட்ராம் பணிமனை வளைவில் திரும்பும்போது
இரும்பும் இரும்பும் உரசிக் கத்தும்.
பயணிகள் காதைப் பொத்துவார்கள்.
நான் எண்ணிக்கொண்டிருப்பேன், இரண்டு, இல்லை நான்கு.
வேகம் குறைத்தால் ஒன்று மட்டும் சரியும்.
மெதுவாகப் போகிறேன் என்று
அதற்கும் ஒரு புகார் இருக்கிறது.

ஊதினேன்.
முதலில் வெறும் காற்று. பிறகு வாத்துச் சத்தம்.
மன்னியுங்கள், குளிர், ரீட் இன்னும் எழவில்லை.

பிறகு பிளந்தது.
விறகு பிளப்பதுபோல் அல்ல.
முட்டையை உடைத்து ஊற்றுகையில்
சட்டியில் திடுக்கென்று
இரண்டு மஞ்சள் கரு விழுமே,
அப்படி.

ஸெமோவித் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.
பிறகு விரல் மடக்கினான்:
இது மாடு. இது ஆணி.
மூன்றாமவன் எங்கே?

அவனை நான் ஊதுவதில்லை.
இரண்டு சுரங்கள் நெருங்கி நின்றால்
இடைவெளிக்கே ஒரு குரல் வந்துவிடுகிறது.
குழாயில் தேடினால் கிடைக்கமாட்டான்.
உங்கள் காதில்தான் குடியிருக்கிறான்,
அவனுடைய குப்பைவரி உங்கள் பொறுப்பு.
கோப்பைகளுக்கு எப்படிக் கேட்கிறது என்பது மட்டும்
எனக்கும் தெரியவில்லை.

அவன் சிரிக்கவில்லை.
எண்ணிக்கைக் கட்டத்தின் மேல் பேனா நின்றது.
இன்னொரு முறை, என்றான்.

மூச்சை இழுப்பதற்குள்
கீழேயிருந்து கரண்டியால் ஓர் அடி,
வெந்நீர்க் குழாயில்.
அந்த ஒற்றை அடி
மாடி மாடியாக ஏறி வந்து
ஜன்னலடியில் எங்கள் இருவர் நடுவே நின்று அதிர்ந்தது:
தடித்த ஒன்று, அதன் தோளில் மெலிந்த ஒன்று,
சற்றே கோணலாக
வேறு ஒன்று.

ஸெமோவித் முழங்காலிட்டான்.
சூடு பொறுத்துக்கொண்டு குழாயில் காதை வைத்தான்.
மூன்று, என்றான்.
கொஞ்ச நேரம் கழித்து,
இல்லை, நான்கு.

நீலப் படிவத்தில் புதிய தாள் திருப்பி
என்னிடம் கேட்டான்,
கீழ்வீட்டில் எத்தனை பேர்?